பூச்சிக்கு ஓனரும் தெரியாது, வாடகைக்காரரும் தெரியாது

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியையும் சி பிளாக் வாடகைதாரருமான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



கரப்பான், எலி, கொசு, மூட்டைப்பூச்சி பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச ஏற்ற தலைப்பு இல்லைதான். ஆனால் நம் அலுவலக அறையில் இருக்கும் புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கும் லிஃப்ட்டுக்கும் அடுத்து அதிகம் எழுதப்பட்டிருப்பது இதுதான். வாசித்துக்கொண்டே போனால் ஒன்று புரிகிறது. பல புகார்கள் பூச்சியைப் பற்றியவை அல்ல, பக்கத்து வீட்டைப் பற்றியவை. "மேல் வீட்டு வாடகைக்காரர் சுத்தமில்லை." "ஓனர் பழைய வீட்டை அப்படியே எங்கள் தலையில் கட்டிவிட்டார்." "பேச்சிலர் பசங்களுக்கு வீடு விட்டதால்தான் வந்தது."

நான் இந்தக் கட்டடத்தில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உரிமையாளர்கள். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேசப் பார்க்கிறேன்.

அடுக்குமாடியில் "என் வீட்டுப் பூச்சி, உன் வீட்டுப் பூச்சி" என்று பிரிக்கவே முடியாது. நம் சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒரே டக்ட் வழியாகத்தான் தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை போகின்றன. 104-இல் மருந்து அடித்தால் கரப்பான் 204-க்கு ஏறும். 204-இல் அடித்தால் 304-க்குப் போகும். வீடு யாருடையது, வாடகை எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. அதனால் யார் மேல் தப்பு என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். யாருக்கு என்ன வேலை என்று பார்ப்போம்.

யார் எங்கிருந்து வருகிறார்கள்?

கரப்பான் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று பெரியது. செம்பழுப்பு நிறம், ஒன்றரை அங்குலம் இருக்கும். இதன் வீடு சாக்கடையும் மேன்ஹோலும்தான். நம் குளியலறைக்கு விருந்தாளியாக வருகிறது. இரவில் ஒன்றிரண்டைப் பார்த்தால் எங்கேயோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியை அடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று சின்னது. அரை அங்குலம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். இது சாக்கடையிலிருந்து வருவதில்லை. அட்டைப்பெட்டியில், பழைய ஃபிரிட்ஜில், பழைய மைக்ரோவேவில் வருகிறது. வந்தபின் ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸிக்கு அடியில், கப்போர்டு கீல்களில் குடியேறிவிடும். ஒரு முட்டைப் பையில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். தாய் அதை உடம்போடு சுமந்துகொண்டே திரிந்து, பொரியும் நேரத்தில்தான் விடும். பகல் வெளிச்சத்திலேயே இந்தச் சின்னக் கரப்பான் நடமாடினால், உள்ளே இடம் போதாத அளவுக்குப் பெருகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

எலிக்கு வழி குழாயும் கேபிளும். சுண்டெலி பென்சில் நுழையும் ஓட்டையில் புகுந்துவிடும். பெரிய எலிக்கு அரை அங்குலம் போதும். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்தே ஆக வேண்டும். நம் வாஷிங் மெஷின் வயரைக் கொறிப்பது பசியினால் அல்ல.

மூட்டைப்பூச்சி பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அழுக்கான வீட்டில்தான் வரும் என்று நினைக்கிறோம். அதற்கு அழுக்கு வேண்டாம், சோற்றுப் பருக்கை வேண்டாம். வேண்டியதெல்லாம் தூங்குகிற ஒரு மனிதர்தான். அதற்குப் பறக்கத் தெரியாது, தாவவும் தெரியாது. ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்த பையில் வரும், விடுதியிலிருந்து திரும்பும் பிள்ளையின் போர்வையில் வரும், செகண்ட் ஹேண்ட் கட்டிலில் வரும். பல மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். அதனால் காலி வீட்டில் தானாகச் செத்துவிடும் என்று நம்பக் கூடாது.

டெங்கு கொசுவுக்கோ அழுக்குத் தண்ணீரே பிடிக்காது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பால்கனியில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, இவைதான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

காலி வீடுதான் வாசல்

இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஒரு குடித்தனம் காலி செய்து, அடுத்தவர் வரும் வரை இருக்கும் அந்தப் பத்து, பதினைந்து நாட்கள்தான் பூச்சிக்கும் நல்ல வாய்ப்பு, நமக்கும் நல்ல வாய்ப்பு.

பூச்சிக்கு ஏன் என்று சொல்கிறேன். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் ஒரு வளைவு இருக்கும். பிளம்பர்கள் நஹானி டிராப் என்பது இதைத்தான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீடு பூட்டிக் கிடந்தால் வெயில் காலத்தில் சில வாரத்தில் அது காய்ந்துவிடும். சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவு திறந்த மாதிரிதான். புதுக் குடித்தனம் வந்து விளக்கைப் போட்டதும் கரப்பான் ஓடும். "முன்னால் இருந்தவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் பார்" என்போம். முன்னால் இருந்தவர்கள் சுத்தமாகத்தான் வைத்திருந்திருப்பார்கள்.

வீடு காலியாக இருந்தால் ஓனர் செய்ய வேண்டியது சின்ன வேலை. எல்லா ஜாலியிலும் சிங்க்கிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மூடியை மூடி வையுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நமக்கு ஏன் வாய்ப்பு? வீட்டில் சாமான் இல்லை, குழந்தை இல்லை, வயதானவர்கள் இல்லை. ஓட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அடைக்கவும் எளிது. சாமான் வந்துவிட்டால் இதே வேலைக்கு மூன்று மடங்கு சிரமம்.

உரிமையாளர்கள் கவனத்துக்கு

வெள்ளை அடிப்பதற்கு முன் ஒரு கொத்தனாரையும் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

• சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி பைப் வெளியே போகும் இடம், டக்ட் பக்கத்து ஓட்டைகள் எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடையுங்கள். எலி வரும் ஓட்டையில் கம்பிவலையைத் திணித்து, அதன் மேல் பூசுங்கள். வெறும் பஞ்சும் தெர்மோகோலும் எலிக்கு ஒரு பொருட்டே இல்லை.
• தண்ணீர் போகும் ஜாலிகளை மூடித் திறக்கும் வகையாக மாற்றுங்கள்.
• எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்கு வலை, வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை.
• சிங்க்குக்கு அடியில் ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கரப்பான் சோறில்லாமல் பல நாள் தாங்கும். தண்ணீர் இல்லாமல் தாங்காது.
• கதவு நிலை, லாஃப்ட் பலகை, கப்போர்டு பின்பக்கம் மண் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அது கரையான். துடைத்துவிட்டு அதன் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

"இதெல்லாம் யார் செலவு?" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பராமரிப்பு வேலைகளைப் பிரித்துச் சொல்கிறது. கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் போன்றவை உரிமையாளர் பக்கம். டிரெய்னேஜ் அடைப்பு எடுப்பது, கொசுவலை மாற்றுவது போன்றவை வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி. பூச்சி மருந்துச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் இருவருக்கும் நிம்மதி. பதினொரு மாத அக்ரிமென்ட் போடும்போது இரண்டு வரி சேர்த்தால் போதும்.

நான் சொல்லும் யோசனை இது. குடிவந்த முதல் 60 நாளில் தென்படும் தொல்லைக்கு உரிமையாளர் செலவு, அதற்குப் பிறகு வருவதற்கு வாடகைதாரர் செலவு, கட்டடப் பழுதினால் வருவதற்கு எப்போதும் உரிமையாளர். 60 நாள் ஏன் என்றால், ஏற்கெனவே மறைந்திருக்கும் கரப்பான் முட்டை பொரிந்து குஞ்சுகள் கண்ணில் படுகிற அளவு வளர அவ்வளவு காலம் ஆகும். இது துல்லியமான கணக்கு அல்ல, சண்டையைத் தவிர்க்கும் கணக்கு.

குடிவரும் நாளில்

வாடகைக்கு வருபவர்கள் சாமான் இறக்குவதற்கு முந்தின நாளே வந்து, சமையலறையிலும் குளியலறையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கப்போர்டு மூலையில் மிளகுத் தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது கரப்பான் எச்சம். போட்டோ எடுத்து ஓனருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். குறை சொல்கிற தொனி வேண்டாம். "சார், சாமான் வருவதற்குள் இதைப் பார்த்துவிடலாமா?" என்றால் போதும்.

மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டாதீர்கள். சின்னக் கரப்பானுக்கு அட்டையின் மடிப்புதான் மிகப் பிடித்த இடம். பெட்டிகளை பால்கனியில் வைத்துப் பிரித்து, அன்றே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். "அடுத்த வீடு மாறும்போது ஆகும்" என்று லாஃப்ட்டில் ஏற்றாதீர்கள்.

பழைய கட்டில், சோபா வாங்கினால் வாசலில் வைத்தே பாருங்கள். மெத்தைத் தையல் ஓரம், கட்டிலின் திருகு ஓட்டை, இரும்புக் கட்டில் காலின் உட்பக்கம். ஆப்பிள் விதை அளவில் பழுப்பாக இருந்தால் மூட்டைப்பூச்சி.

அன்றாடம்

இதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரவு வேலைகள் மூன்றை மட்டும் சொல்கிறேன். படுக்கப் போகும் முன் சிங்க்கைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். குப்பைக் கூடையை மூடுங்கள், அல்லது கட்டி வாசலுக்கு உள்ளேயே வையுங்கள். கேஸ் அடுப்பின் அடியில் சிந்தியதைத் துடையுங்கள். காலையில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வந்து செய்வார் என்று விட்டால், நடுவில் எட்டு மணி நேரம் பூச்சிக்கு விருந்து.

அரிசி, பருப்பு, ரவை எல்லாம் இறுக மூடும் டப்பாவில். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மூட்டையாக வாங்கி, வண்டு வராமல் இருக்க அதில் மாத்திரை போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம்

2024 நவம்பரில் குன்றத்தூர்ப் பகுதியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுக்குமாடி வீட்டில் எலித் தொல்லைக்காக மருந்து வைக்கப்பட்டது. அந்த இரவு அங்கேயே தூங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம்மைப் போல, வீட்டில் எலி இருக்கக் கூடாது என்று நினைத்த சாதாரணக் குடும்பம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். தானியக் கிடங்கில் பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. வீட்டு அரிசி டிரம்மில் போடக் கூடாது, எலிப் பொந்தில் போடக் கூடாது. டக்ட் வழியாக அந்த வாயு பக்கத்து வீட்டுக்கும் போகும். அதேபோல மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை. அது கல்லீரலை அழிக்கும், அதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. கடையில் யாராவது எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எலிக்குக் கூண்டு போதும், கூடவே ஓட்டையை அடைப்பதும்.

ஆள் கூப்பிட்டால் நான்கு கேள்வி கேளுங்கள். 1968-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? என்ன மருந்து, பெயர் என்ன? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? வீட்டில் குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? பதில் சொல்லத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள். மருந்தின் பெயரைத் தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். ஏதாவது ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சின்னக் கரப்பானுக்கு ஜெல் வைப்பது நல்ல முறை. ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஸ்பிரே வாசனைக்குப் பயந்து கரப்பான் ஜெல் பக்கமே வராது. கொடுத்த காசு வீண். முட்டைப் பைக்குள் மருந்து போவதில்லை என்பதால் சில வாரம் கழித்து இரண்டாவது முறையும் செய்தாக வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும். துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள், கட்டில் இடுக்குகளில் கொதிநீரோ நீராவியோ காட்டுங்கள். மெத்தையை வெறுமனே மொட்டை மாடி வெயிலில் போட்டால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மெத்தை வரை போய்விட்டால் உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுவதே நல்லது.

ஒளிக்க வேண்டாம், ஒதுக்க வேண்டாம்

போன வருடம் நம் பிளாக் ஒன்றில் ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி வந்தது. சின்னக் குடும்பம், கைக்குழந்தை. ஓனரிடம் சொன்னால் அட்வான்ஸில் பிடித்துவிடுவார் என்ற பயம். வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் எல்லோரும் எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் இரவோடு இரவாக மெத்தையைக் கொண்டுவந்து படிக்கட்டுக்கு அடியில் போட்டார்கள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. பொங்கலுக்குள் இன்னும் மூன்று வீடுகள்.

அந்தப் பெண் என்னிடம் பிறகு சொன்னார்: "அக்கா, முதல் வாரமே சொல்லியிருப்பேன். ஆனா வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா, கைக்குழந்தையோட எங்க போவேன்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் பயந்தது நியாயமில்லை என்று இங்கே யாராவது கை தூக்கிச் சொல்ல முடியுமா? முதல் வாரத்தில் ஒரு அறையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, நான்கு வீட்டுச் செலவாக ஆனது. அதற்குக் காரணம் பூச்சி மட்டும் இல்லை. நாம் பேசும் விதமும்தான். வாட்ஸ்அப் குழுவில் "எந்த வீட்டிலிருந்து வந்தது?" என்று ஒரு செய்தி போட்டால், அடுத்த முறை பூச்சியைப் பார்ப்பவர் வாயைத் திறக்கமாட்டார்.

உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள்: உடனே சொல்லும் வாடகைதாரர் உங்கள் சொத்தைக் காப்பாற்றுகிறவர். சொன்னதற்காக அட்வான்ஸில் கை வைக்காதீர்கள். வாடகைதாரர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு பூச்சியைப் பார்த்தாலும் எழுத்தில் சொல்லுங்கள். தேதியோடு ஒரு செய்தி இருந்தால் பின்னால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள்

முதலாவது, மருந்து அடிப்பதை வீடு வீடாக இல்லாமல், ஒரே டக்டைப் பகிரும் வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். 104, 204, 304, 404, கூடவே கீழே அந்த வரிசையின் மேன்ஹோலும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, மேன்ஹோல் மூடிகளின் உடைந்த ஓரங்கள், குப்பை அறைக் கதவு, சம்ப் மூடி, மொட்டை மாடித் தொட்டியின் மூடி, இவற்றை மழைக்கு முன் ஒருமுறை பார்த்துப் பட்டியலிட வேண்டும். குப்பை எடுக்கும் அக்காவிடம் கேளுங்கள். எங்கே பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது என்று நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, புகார்ப் புத்தகத்தில் பூச்சிக்கு என்று தனிப் பக்கம் வைத்து, அதில் வீட்டு எண்ணைச் செயலாளர் மட்டும் பார்க்கும்படி செய்ய வேண்டும். பொதுக் குழுவில் "பி பிளாக், நான்காம் வரிசையில் பரிசோதனை" என்று மட்டும் அறிவித்தால் போதும். யார் வீடு என்பது யாருக்கும் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வந்துவிடும். சாக்கடையில் தண்ணீர் ஏறினால் அங்கே இருப்பதெல்லாம் மேலே வரும். அதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வேலை செய்துவிடுங்கள். ஃபிரிட்ஜை ஒரு அடி முன்னால் இழுத்து, பின்னால் இருக்கும் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓனருக்கு ஒரு போட்டோ. நீங்களே ஓனர் என்றால், கொத்தனாருக்கு ஒரு போன்.